சலுகை வேறு, உரிமை வேறு
கடல் கடந்த ஆள்புலங்களின் மாணவரும் பிரித்தானியப் பல்கலைக்கழகக் கட்டணமும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் திரண்டிருந்த கல்விக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சில காலத்துக்கு முன்னர் ஒரு கமக்காரர் தமது காணி உறுதியுடன் என்னிடம் வந்தார். மகனை இங்கிலாந்திலே படிப்பிப்பதற்காகக் காணியை ஈடு வைக்க வேண்டும் என்றார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தையும் காட்டினார். அதிலே இரண்டு தொகைகள் இருந்தன. ஒன்று உள்நாட்டு மாணவருக்கு, மற்றையது வெளிநாட்டு மாணவருக்கு. இரண்டாவது தொகை முதலாவதைப் போலப் பலமடங்கு. அவர் நெடுநேரம் அந்தக் கடிதத்தைப் பார்த்திருந்துவிட்டு, "தம்பி, ஆர் உள்வீட்டுப் பிள்ளை, ஆர் வெளிவீட்டுப் பிள்ளை எண்டு ஆர் தீர்மானிக்கிறது?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு அன்று நான் கூறிய பதில் போதாது. இன்று அதனையே விரித்துரைக்க விரும்புகின்றேன். ஆயினும் நமது கதையைச் சொல்லப் போவதில்லை. அக்கேள்வியை நம்மைவிடக் கூடிய நியாயத்துடன் கேட்கத்தக்க மக்கள் சிலர் உளர். பிரித்தானிய முடியின் கீழ் இன்றும் வாழ்கின்ற கடல் கடந்த ஆள்புலங்களின் மக்களே அவர்கள். அவர்களுடைய கதையை அறிந்தால் சலுகை என்பது யாது, உரிமை என்பது யாது என்பது தெளிவாகும்.

அதற்கு முன்னர் நமது உறுதிகளையே ஒருகணம் நினைத்துப் பாருங்கள். காணியின் பரப்பும் நான்கெல்லையும் எழுதப்பட்ட பின்னர், கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கு எழுதப்பட்டிருக்கும். பங்கு எழுதப்பட்டவன் தன் முறை வந்ததும் எவரையும் கேளாமல் இறைக்கின்றான். பங்கு இல்லாதவன் அயலவனைக் கேட்டு இறைக்கின்றான். மாரியில் இருவர் தோட்டமும் ஒரேவிதமாகப் பசுமையாயிருக்கும். கோடையிலே கிணறு வற்றும்போதுதான் எவனுடைய பயிர் முதலில் வாடும் என்பது தெரியவரும்.

அன்பர்களே! பிரித்தானியாவின் கடல் கடந்த ஆள்புலங்கள் பதினான்கு என்று கணக்கிடப்படுகின்றன. அவற்றுட் சிலவற்றில் நிலையான குடிகள் இல்லை. மக்கள் வாழும் ஏனையவற்றை ஒன்று கூட்டினாலும் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பேரே தேறுவர். பெர்முடா, கேமன் தீவுகள் போன்ற செல்வம் நிறைந்தவையும் உள. சென் ஹெலினா, மொன்செராற் போன்று பிரித்தானிய உதவிப் பணத்தை நம்பி வாழ்பவையும் உள. பிற்கெயன் தீவிலே வாழ்வோர் நமது ஊரின் ஓர் ஒழுங்கையில் வாழ்வோரிலும் குறைவு. இவர்களுக்கெல்லாம் உள்ளூர்ச் சபைகள் உண்டு. ஆனால் வெஸ்ற்மின்ஸ்ரர் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்தானும் இல்லை. பல்கலைக்கழகக் கட்டணத்தை விதிக்கும் சட்டமோ அந்தப் பாராளுமன்றத்திலேதான் பிறக்கின்றது.

சென் ஹெலினாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1659ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பனி அங்கே குடியேற்றம் அமைத்தது. 1834இல் அது முடியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அங்கே பல்கலைக்கழகம் கிடையாது. 2017ஆம் ஆண்டிலே பயணிகள் விமானச் சேவை தொடங்கும் வரை, கேப் ரவுன் துறைமுகத்துக்குக் கப்பலில் ஐந்து நாட்கள் வரை செல்ல வேண்டியிருந்தது. அத்தீவிலே பிறந்த ஒரு பிள்ளை வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வர விரும்பினால் கடல் கடந்தே ஆகவேண்டும். அப்பிள்ளைக்குக் கட்டணப் பிரச்சினை பல பிரச்சினைகளுள் ஒன்றன்று; அதுவே வாசற்கதவு.

கட்டணத்தின் வரலாறு என்ன? 1967ஆம் ஆண்டுக்கு முன்னர், இங்கிலாந்திலே படிக்க வந்த மாணவன் எத்திசையிலிருந்து வந்தாலும் ஒரே கட்டணத்தையே செலுத்தினான். 1966 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு அடுத்த கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அதனை மாற்றியது. உள்நாட்டு மாணவருக்கு 70 பவுண். கடல் கடந்து வருவோருக்கு 250 பவுண். அன்று பிரிந்த கோடு பின்னர் அகன்றுகொண்டே சென்றது. திருமதி தாட்சர் அவர்களின் அரசாங்கம் 1980-81ஆம் கல்வியாண்டு முதல், வெளிநாட்டு மாணவர் தமது கல்வியின் முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டும் என்று விதித்தது. கலைப் பாடங்களுக்கு 2,000 பவுண், விஞ்ஞானத்துக்கு 3,000 பவுண், வைத்தியக் கல்வியின் மருத்துவமனைப் பயிற்சிக் காலத்துக்கு 5,000 பவுண் என்பன குறைந்தபட்சத் தொகைகளாயின.

இங்கேதான் அநீதி தலைகாட்டிற்று. அதே 1980களிலே, ஐரோப்பிய சமூகத்தைச் சேர்ந்த நாடுகளின் மாணவர்கள் உள்நாட்டுக் கட்டணத்தையே செலுத்தினர். ஒரு சமூக நாட்டின் மாணவனிடம் மற்றொரு சமூக நாடு அவன் அந்நியன் என்ற காரணத்தால் மேலதிகக் கட்டணம் அறவிடலாகாது என்பதை, 1985ஆம் ஆண்டில் கிராவியே வழக்கிலே ஐரோப்பிய நீதிமன்றமும் உறுதி செய்தது. பாரிசிலிருந்து வந்தவன் உள்வீட்டுப் பிள்ளை. பிரித்தானியக் கொடியின் கீழ்ப் பிறந்து, பிரித்தானிய ஆளுநரின் ஆட்சியில் வளர்ந்து, ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசிய சென் ஹெலினாப் பிள்ளை அந்த வரையறைக்கு வெளியே நின்றான்! பிரெஞ்சு மாணவனுக்குக் கொடுத்ததை நான் குறைகூறவில்லை. அவனுடைய பங்கு ஓர் ஒப்பந்தத்திலே எழுதப்பட்டிருந்தது. மற்றவனுடைய பங்கு எங்கும் எழுதப்படவில்லை. வேற்றுமை முழுவதும் அதுவே.

புதிய கட்டணத்துக்கு எதிர்ப்பு எழாமலில்லை. சுதந்திர நாடாகிய மலேசியாவின் அரசாங்கம் 1981இல், பிரித்தானியப் பொருள்களை வேறெங்கும் கிடையாதவிடத்தே கடைசியாக வாங்குவோம் என்று அறிவித்தது. அவ்வறிவிப்புக்குக் கட்டண உயர்வும் ஒரு காரணம். 1983 பெப்ரவரியில் வெளிநாட்டமைச்சர் பிரான்சிஸ் பிம், மூன்று ஆண்டுகளுக்கு 46 மில்லியன் பவுண் கொண்ட உதவித் திட்டமொன்றை அறிவித்தார். மலேசியா, சைப்பிரஸ், ஹொங்கொங் முதலிய இடங்களின் மாணவர் அதனால் பயனடைந்தனர். நன்று. ஆனால் இத்திட்டத்தின் தன்மையை நோக்குங்கள். கட்டணத்திலே எவரையும் உள்நாட்டவராக அது எழுதவில்லை. மேலதிகக் கட்டணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலே ஒரு பகுதியைச் சிலருக்குச் சில ஆண்டுகளுக்குப் பணமாகக் கொடுத்தது. வரவுசெலவுத் திட்டம் சுருங்கினால் அதுவும் சுருங்கும். அயலவனைக் கேட்டு இறைத்த தண்ணீர் அது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். உள்நாட்டு மாணவன் என்பதைப் பிரித்தானியச் சட்டம் பிறப்பைக் கொண்டோ கடவுச்சீட்டைக் கொண்டோ தீர்மானிப்பதில்லை. மூன்று ஆண்டுகள் 'வழமையாக வதிந்திருத்தல்' என்பதே அதன் அளவுகோல். இச்சொற்களின் பொருள் யாது என்ற கேள்வி, ஐந்து மாணவர்களின் வழக்குகளாக, 1982 டிசம்பரில் பிரபுக்கள் சபையிலே தீர்க்கப்பட்டது. அக்பராலி எதிர் பிறெண்ட், ஷா எதிர் பார்னெற் என்ற பெயர்களால் சட்ட மாணவர் அதனை அறிவர். கல்விக்காகவே வந்திருந்தாலும், ஒருவன் தன் விருப்பத்தோடும் சட்டத்துக்கு அமைவாகவும் ஓரிடத்தைத் தன் அன்றாட வாழ்வின் இருப்பிடமாக்கிக்கொண்டால் அவன் அங்கு வழமையாக வதிபவனே என்று ஸ்கார்மன் பிரபு தீர்ப்புரைத்தார். மாணவர்கள் வென்றனர்.

வெற்றி எத்தனை காலம் நிலைத்தது? சில மாதங்களே. 1983ஆம் ஆண்டிலே கல்விக் கட்டணங்கள், உதவிப்பணங்கள் பற்றிய சட்டம் நிறைவேறியது. ஐக்கிய இராச்சியத்துடன் 'ஏற்ற தொடர்பு' இல்லாதவரிடம் கூடிய கட்டணம் அறவிடுவதற்கு அமைச்சர் விதி செய்யலாம் என்று அது அதிகாரம் வழங்கிற்று. முழுநேரக் கல்விக்காகவே வதிந்த காலம் கணக்கில் சேராது என்று விதிகள் எழுதப்பட்டன. நீதிமன்றம் திறந்த கதவைப் பாராளுமன்றம் சட்டபூர்வமாகவே சாத்தியது. அதைச் செய்வதற்கு அதற்கு அதிகாரம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாராளுமன்றத்திலே குரல் இல்லாதவன் என்ன செய்வான்? வழக்கிலே வெல்லலாம், விதி எழுதும் மேசையிலே தோற்றுவிடுவான். ஆகவேதான் எனது தொழிலின்மேல் மதிப்பிருந்தும், வழக்கு மாத்திரம் போதாது, மக்கள் அமைப்பும் வேண்டும் என்று நான் ஊரூராகச் சொல்லி வருகின்றேன்.

குடியுரிமையின் கதையும் இதனோடு பிணைந்தது. 1981ஆம் ஆண்டின் தேசியவினச் சட்டம் இம்மக்களைத் தனி வகுப்பாக ஒதுக்கி, 'சார்ந்த ஆள்புலங்களின் குடிகள்' என்று பெயரிட்டது. அப்பெயரோடு ஐக்கிய இராச்சியத்தில் வாழும் உரிமை சேர்ந்துவரவில்லை. போக்லாந்துத் தீவினருக்கு, 1982இன் போருக்குப் பின்னர், 1983இலே தனிச் சட்டத்தின் மூலம் முழுக் குடியுரிமை கிடைத்தது. ஏனையோரிற் பெரும்பாலார் 2002 மே 21 வரை காத்திருந்தனர். அன்று நடைமுறைக்கு வந்த கடல் கடந்த ஆள்புலங்கள் சட்டத்தினால் அவர்கள் பிரித்தானியக் குடிகளாயினர். ஆயினும், குடியுரிமைச் சட்டம் கட்டண விதியைத் தொடவில்லை. கட்டணம் வதிவையே கேட்டது. கையிலே பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்க, கட்டணப் பட்டியலிலே அந்நியர் என்ற நிலை!

இதற்குச் சாதகமாக ஒரு வாதம் உண்டு. எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துரைக்காமல் தீர்ப்புக் கேட்பது சட்டத்தரணிக்கு அழகன்று. ஆள்புலத்து மக்கள் பிரித்தானியத் திறைசேரிக்கு வரி செலுத்துவதில்லை. ஆதலின் பிரித்தானிய வரி செலுத்துவோன் அவர்களுடைய பிள்ளைகளின் கல்விச் செலவைச் சுமக்க வேண்டியதில்லை என்பதே அவ்வாதம். ஈற்றிலே பார்த்தால் வலுவானதாகவே தோன்றும். ஆனால் மூன்று விடைகள் உண்டு.

முதலாவது, அன்று உள்நாட்டுக் கட்டணம் செலுத்திய பிரெஞ்சு மாணவனின் தந்தையும் பிரித்தானியாவுக்கு வருமான வரி செலுத்தவில்லை. வரிதான் அளவுகோல் என்றால் அதனை எல்லோர்மீதும் ஒரேவிதமாக வைக்க வேண்டும். இரண்டாவது, ஒரு சிறு தீவுக்கூட்டத்திலிருந்து ஆண்டுதோறும் வரும் மாணவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களால் பிரித்தானியத் திறைசேரி தள்ளாடாது. மூன்றாவது விடையே தலையாயது. ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 73ஆம் உறுப்புரை, தன்னாட்சி முழுமை பெறாத மக்களை ஆளும் நாடுகள் அம்மக்களின் நலனைப் புனிதமான பொறுப்பாக ஏற்கின்றன என்று கூறுகின்றது. அப்பொறுப்பிலே கல்வி முன்னேற்றம் பெயர் குறித்தே சொல்லப்பட்டிருக்கின்றது. ஆளும் உரிமையை வைத்துக்கொண்டு, ஆளப்படுவோனின் பிள்ளை படிக்க வரும்போது மாத்திரம் 'நீ வேற்று நாட்டான்' என்று சொல்வது எந்த நியாயசாஸ்திரத்தில் அடங்கும்?

2007ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கட்டண விதிகள் திருத்தப்பட்டன. ஆள்புலங்களிலே வதிந்த மாணவர், ஏனைய நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால், உள்நாட்டுக் கட்டணத்துக்கு உரியவராயினர். அது அறிவிப்பன்று, உதவித் திட்டமன்று. விதியிலே எழுதப்பட்ட பங்கு. அதன் வலிமை பின்னர் வெளிப்பட்டது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கியபின், 2021-22ஆம் கல்வியாண்டு முதல் புதிதாக வந்த ஐரோப்பிய மாணவர் பொதுவாக அவ்வுரிமையை இழந்தனர். ஆள்புலத்து மாணவரோ இழக்கவில்லை. கோடை வந்தபோது அவர்களுடைய பெயர் உறுதியிலே இருந்தது.

ஆயினும் அந்தப் பங்கு முழுமையானதன்று. 2007இல் கட்டணம் குறைந்ததேயன்றி, உள்நாட்டு மாணவருக்குக் கிடைத்த அரசாங்கக் கடன் வசதி அதனுடன் சேர்ந்து வரவில்லை. கட்டணத்தையும், தங்கும் அறைக்கும் உணவுக்கும் குளிர்கால உடைக்கும் வேண்டிய பணத்தையும், கையிலிருந்தே கொடுக்க வேண்டியிருந்தது. உள்நாட்டுக் கட்டணமும் இன்று சிறிய தொகையன்று. 1998இலே ஆண்டுக்கு 1,000 பவுணாயிருந்த அது 2006இல் 3,000 ஆகவும், 2012இல் 9,000 ஆகவும் உயர்ந்தது. 2025-26ஆம் கல்வியாண்டுக்கு உச்சவரம்பு 9,535 பவுண். வாசலைத் திறந்துவிட்டுப் படிக்கட்டை எடுத்துவிட்டால் வறியவன் வீட்டுப் பிள்ளை எவ்வாறு ஏறும்?

இக்குறையை ஆள்புலங்கள் எவ்வாறு எதிர்கொண்டன என்பது நமக்குப் பாடமாகத்தக்கது. போக்லாந்துத் தீவுகள் நெடுங்காலம் செம்மறி வளர்ப்பையும் கம்பளியையும் நம்பி வாழ்ந்தவை. கமக்காரரே, ஒரே பயிரை நம்பிய ஊரின் நிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1986இலே தமது கடலிலே மீன்பிடி வலயமொன்று அறிவிக்கப்பட, மறு ஆண்டு முதல் அந்நியக் கப்பல்களிடமிருந்து அனுமதிக் கட்டணம் வரத் தொடங்கிற்று. அந்த வருமானத்திலே கல்விக்கும் பங்கு ஒதுக்கினர். பதினாறு வயதுக்கு மேற்பட்ட உயர்தர வகுப்பு அத்தீவிலே இல்லாமையால், தகுதி பெற்ற பிள்ளைகளை இங்கிலாந்தின் வின்செஸ்ரர் நகரத்திலுள்ள கல்லூரியொன்றுக்கு அரசாங்கச் செலவிலே அனுப்புகின்றனர். பின்னர் பல்கலைக்கழகம் செல்வோருக்கும் கட்டணமும் வாழ்க்கைச் செலவுக்கான உதவியும் வழங்குகின்றனர். கடலிலிருந்து வந்த பணத்தைக் கட்டடங்களிலே மாத்திரம் கொட்டாமல் பிள்ளைகளின் தலைக்குள்ளே முதலிட்டனர்.

கரிபியன் தீவுகள் வேறொரு வழியைக் கண்டன. 1948இலே யமேக்காவின் மோனாவில், இலண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியொன்று 33 வைத்திய மாணவருடன் தொடங்கப்பட்டது. இன்று அதுவே மேற்கிந்தியப் பல்கலைக்கழகம். பல அரசாங்கங்கள் கூட்டாக நடத்தும் கல்விக்கூடம் அது. சுதந்திர நாடுகளோடு, மொன்செராற், அங்குவில்லா முதலிய பிரித்தானிய ஆள்புலங்களும் பங்காளிகள். பங்களிக்கும் அரசாங்கங்கள் தமது மாணவரின் செலவிலே ஏறக்குறைய 80 வீதத்தை ஏற்பதும், எஞ்சியதை மாணவர் செலுத்துவதும் அங்குள்ள ஏற்பாடு. அரசாங்கங்கள் தமது பங்கைச் செலுத்தத் தாமதிக்கும்போது பல்கலைக்கழகம் இடர்ப்படுவதும் உண்டு. ஆனாலும் சிறியவர் பலர் சேர்ந்தால் தமக்கென ஒரு கிணற்றைத் தோண்டிக்கொள்ளலாம் என்பதை அது காட்டுகின்றது. 1995 ஜூலையிலே எரிமலை வெடித்துத் தலைநகரையே இழந்து, மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வெளியேறிய மொன்செராற் தீவுக்கும் அந்தக் கிணற்றிலே பங்கு உண்டு.

இனி நமக்கு வருவோம். நாம் ஆள்புலத்தார் அல்லர். 1948இலே இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆகவே பிரித்தானியாவிடம் உள்நாட்டுக் கட்டணம் கோரும் சட்டத் தகுதி நமக்கில்லை. அதனை மறைத்துப் பேசி உங்களிடம் கைதட்டுப் பெற நான் விரும்பவில்லை. கொழும்பிலே 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியில் நமது முன்னோர் இலண்டன் பரீட்சைகளையே எழுதினர் என்பது வரலாறு. வரலாறு கட்டணச் சீட்டாகாது. 1980இன் கட்டண உயர்வு நமது பிள்ளைகளையும் தாக்கியது. ஆனால் விதியின் ஒரு வரி ஒரு தலைமுறையின் படிப்பை எவ்வாறு திருப்பிவிடும் என்பதை அறிய நாம் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. 1970களிலே பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தலைக் கண்ட மக்கள் நாம்.

ஆகவே, எந்த அரசாங்கமும், எந்த நாடும், கல்விக்கு உதவி என்று எதை அறிவித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். இது சட்டத்திலே எழுதப்பட்டதா, அல்லது ஆண்டுக்கொருமுறை மாறும் திட்டமா? உரியவர் யார் என்ற வரையறையை எழுதியவர் யார். அங்கே நமக்குக் குரல் இருந்ததா? கட்டணத்தோடு வயிற்றுக்கும் வழி உண்டா, அல்லது வாசல் மாத்திரந்தானா? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும் வரை நன்றி கூறலாம். ஆனால் அமைதியடைந்துவிடக் கூடாது.

உத்தியோக அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாடு செல்லும் மாணவனின் கடிதங்களை வாசித்து, எந்த விதியின் கீழ் எவ்வளவு கட்டணம், எந்த உதவிப்பணத்துக்கு அவன் தகுதியுடையவன் என்று விளக்குவதற்கு ஊருக்கு இருவர் முன்வாருங்கள். கமக்காரப் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்த விளக்கத்தைக் கேட்பதற்கு முன்னர் ஈட்டு உறுதியிலே கையொப்பம் இடாதீர்கள். அறுவடை தோறும் சிறு பங்கை ஊர்க் கல்வி நிதியிலே சேருங்கள். அந்நிதிக்கும் எழுத்திலே விதி செய்யுங்கள். வறியவன் பிள்ளை எவருடைய முகத்தையும் பார்த்து நிற்காமல் தன் முறைக்குப் பெற்றுக்கொள்ளட்டும். பிறரிடம் உரிமை கேட்கின்ற நாம் நம்மவருக்குச் சலுகையை மாத்திரம் கொடுப்பது முறையாகாது.

என்னிடம் வந்த அந்தப் பெரியவருக்கு இன்று நான் சொல்லும் பதில் இதுதான்: உள்வீட்டுப் பிள்ளை யார் என்பதை விதி எழுதுகின்றவன் தீர்மானிக்கின்றான். ஆதலால் எழுதும் இடத்திலே நமது குரலும் இருக்க வேண்டும். அதுவரை நமது கிணற்றை நாமே ஆழப்படுத்த வேண்டும்.